புரட்டாசித் தயிர்சோறு

புரட்டாசி பிறந்ததும் கோமளா வீட்டு மீன்சட்டி பரணுக்குப் போனது. நாய்க்கும் பூனைக்கும்கூடத் தட்டில் தயிர்சோறுதான்.

"பெருமாளுக்கு நாமளுமா விரதம் இருக்கணும்?" என்றது பூனை மினுக்கி.

"ஒரு மாசம்தானே, பொறுத்துக்க" என்றது நாய் சிப்பாய்.

"உனக்காவது சோறு இறங்குது. எனக்குக் கண்ணை இருட்டுது. யார் தொட்டாலும் கோபம் கோபமா வருது."

சிப்பாயும் நன்றாக இல்லை. குரைக்கத் தெம்பில்லாமல் வாசலிலேயே சுருண்டு கிடந்தது.

"சைவம் சாப்பிட்டு எவ்வளவு சாந்தமாயிட்டான் பாருங்க!" என்று கோமளா அதன் தலையைத் தடவினாள். அதே கையால் மினுக்கியைத் தடவப் போனாள். மினுக்கி கையைக் கிழித்துவிட்டது.

"வெறி பிடிச்ச சனியன்!" என்று அவள் வீட்டுக்காரர் பூனையைப் பிடித்துச் சாக்கில் போட்டுக் கட்டி, எங்காவது விட்டுவர ஸ்கூட்டரில் வைத்தார்.

"சிப்பாய், எனக்குப் பசின்னு நீயாவது சொல்லேன்!" என்று மினுக்கி உள்ளிருந்து கத்தியது. சிப்பாய் வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

ஐப்பசியில் மீன்சட்டி இறங்கியது. எலும்பு தின்று சிப்பாய் தேறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமளா மீன் அரிந்துகொண்டே பழக்கத்தில், "மினுக்கி, வா வா" என்று கூப்பிட்டுவிட்டாள். சட்டென்று நிறுத்தி, கையிலிருந்த மீன்தலையைச் சிப்பாய்க்குப் போட்டாள்.

சிப்பாய் அதைத் தின்னவில்லை. கவ்விக்கொண்டுபோய்ப் பூனையின் தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. காக்கை ஒன்று அதைக் கொத்த வந்தபோது தெருவே அதிரும்படி குரைத்தது.

அன்றைக்கு வராத குரல்.