சேஃப்டி சாரின் மஞ்சள் விளக்கு

"புது சென்சார் நாலு மாட்டிட்டேன்னு சொல்றே. அப்புறம் எதுக்குய்யா இந்த லைட் இன்னும் எரியுது?"

சேஃப்டி சார் குரலை உயர்த்தியதும், மெக்கானிக் கையிலிருந்த போனை அவசரமாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திருட்டு முழி என்றால் அப்படியொரு முழி.

"மாட்டினா மட்டும் போதாது சார். டயருக்குள்ள இருக்கிற சென்சாரை வண்டியோட கம்ப்யூட்டர் அடையாளம் தெரிஞ்சுக்கணும். உங்க வண்டி பழசு. புதுசை ஏத்துக்க மாட்டேன்னு அடம் பிடிக்குது."

"முதல்ல சென்சாருக்கு வயசாச்சுன்னே. இப்போ வண்டிக்கே வயசாச்சுங்கறே. அடுத்து எனக்கும் வயசாச்சும்பே."

மெக்கானிக் ஏற்கெனவே பளபளவென்றிருந்த டயரை மறுபடியும் துடைத்தார்.

சேஃப்டி சார் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் எந்த இயந்திரமும் நகரக் கூடாது என்பது அங்கே அவர் போட்ட சட்டம். அதே சட்டம்தான் வீட்டுக் காருக்கும். ஒர்க்ஷாப்புக்குப் போய்வர மட்டும் விலக்கு உண்டு. அதையும் அவரே தமக்குக் கொடுத்துக்கொண்டார்.

நாளைக் காலை மகள் பச்சைக் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். பேரனின் முதல் பயணம் தாத்தா ஓட்டும் காரில்தான் என்று பிரசவ அறை வாசலில் நின்றபடி நர்ஸ் வரைக்கும் அறிவித்துவிட்டார் மனிதர். இந்த நேரம் பார்த்து, காற்று குறைந்தால் எரிய வேண்டிய மஞ்சள் விளக்கு, நாலு டயரிலும் காற்று முழுசாக இருக்கும்போதே எரிந்து தொலைத்தது.

முணுமுணுத்துக்கொண்டே காரைக் கிளப்பி வீட்டுக்கு வந்தார். வழியில் ஒரு குப்பைத்தொட்டி வந்து அவர்மீது மோதியது. தெருமுனை விளக்குக் கம்பமும் மோதப் பார்த்தது. இவர்தான் சாமர்த்தியமாக நடைபாதையில் ஏறித் தப்பினார். என்ன ஊரோ, ஒன்றுக்கும் ஒழுங்காக ஓரமாய் நிற்கத் தெரியவில்லை.

வீட்டில் மருமகன் காத்திருந்தார். "எதுக்கு மாமா இவ்வளவு அலைச்சல்? நாளைக்கு ஒரு டாக்ஸி சொல்லிடறேனே."

"எவனோ ஓட்டுற வண்டியில என் பேரனா? பிரேக் எங்கே இருக்குன்னாவது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன் மாமா," என்றார் மருமகன், பணிவாக.

மனைவி மட்டும் கணவர் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மனுஷி. "ஆசைப்படறார், விடுங்க மாப்பிள்ளை. என்னங்க, வேற கடையில காட்டிப் பாருங்களேன். எங்கே போறீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க, சாப்பாடு ஆறிடும்."

"பாலத்துக்குக் கீழே ஒருத்தன் இருக்கான். கெட்டிக்காரன்னு கேள்வி," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பாலத்தடிக் கடைக்காரர், கார் உள்ளே நுழையும்போதே எழுந்து வந்துவிட்டார். கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

"டயர் சென்சார்தானே சார்?"

சேஃப்டி சாருக்குப் புல்லரித்தது. தொழில் என்றால் இதுவல்லவா தொழில். டாக்டருக்குக்கூட நாக்கை நீட்டிக் காட்டினால்தான் நோய் தெரிகிறது.

கடைக்காரர் ஏதோ ஒரு கருவியைக் காரில் சொருகிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "மட்டமான சரக்கை மாட்டி விட்டிருக்காங்க சார். நல்லதா வரவழைக்கணும். அடுத்த வாரம் வாங்க."

"நாளைக்குக் குழந்தை வருதுய்யா."

"குழந்தை நல்லபடியா வந்து சேரட்டும் சார். அதுதான் முக்கியம்." அவர் குரலில் அப்படியொரு உருக்கம். முன்பின் தெரியாதவனுக்கு இருக்கிற அக்கறைகூட மருமகனுக்கு இல்லையே என்று சேஃப்டி சாருக்கு மனசு கசந்தது.

சாயங்காலம் அவர் நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மனைவி கொடுத்த காபியையும் தொடவில்லை. "பிறந்த குழந்தையை வீட்டுக்குக் கூட்டிட்டு வரக்கூட எனக்குக் கொடுத்து வைக்கலை, பாரு," என்றபோது குரல் உடைந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் சேஃப்டி சார் அவ்வளவு லேசில் விடுகிற ஆளா? சட்டென்று நிமிர்ந்தார்.

"மார்க்கெட் பின்னாடி ஒரு பெரிய கடை இருக்கு. விடிஞ்சதும் திறந்துடறான். முதல் ஆளா அங்கே போறேன். லைட்டை அணைக்கறேன். அப்படியே நேரா ஆஸ்பத்திரி."

"கண்டிப்பா போங்க," என்றாள் மனைவி. "இப்போ போய்க் குளிச்சிட்டு வாங்க, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் மார்க்கெட் கடையின் நம்பரைத் தேடிப் பிடித்து, போனைக் காதில் வைத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, காலையில உங்க கடைக்கு ஒரு பழைய நீலக் கார் வரும், நாலு பக்கமும் நசுங்கியிருக்கும். மத்த ரெண்டு கடையிலயும் நான் கேட்டுக்கிட்டபடியே செஞ்சாங்க, நல்ல பிள்ளைங்க. நாளைக்கு அதுல பச்சைக் குழந்தையை ஏத்தணும்னு நிக்கறார், தம்பி. நீங்க அந்தக் கார்ல என்ன வேணா ரிப்பேர் பண்ணுங்க.

அந்த லைட்டை மட்டும் அணைச்சிடாதீங்க."