மாமனார் எண்ணுகிறார்

கல்யாணத்துக்கு இன்னும் பத்தே நாள். என்ன கலரில் சட்டை எடுக்கலாம் என்று கேட்க, துணிக்கடையில் நின்றபடி மாமனாருக்கு போன் போட்டான் மாப்பிள்ளை.

“மாமா, நான்தான் பேசுறேன்...”

“பதினெட்டு,” என்றார் மாமனார், பல்லைக் கடித்துக்கொண்டு.

மாப்பிள்ளைக்குக் குப்பென்று வியர்த்தது. பெண் வீட்டில் அவன் அவிழ்த்துவிட்ட பொய்களை யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். மனிதர் அவற்றைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்!

“பதினெட்டா? அவ்வளவெல்லாம் இருக்காது மாமா...”

“பத்தொன்பது.”

“சரி, நான் மேனேஜர் இல்ல. உதவி மேனேஜர்.”

“இருபது.”

“அன்னைக்குப் பொண்ணு பார்க்க வந்த கார் எங்க முதலாளியோடது.”

“இருபத்தொண்ணு.”

“பாடினதும் நான் இல்ல. போன்ல பாட்டைப் போட்டுட்டு வாயை மட்டும் அசைச்சேன்.”

“இருபத்திரெண்டு!”

“ஐயோ, என் உயரமும் பொய்தான் மாமா! ஷூவுக்குள்ள அட்டை வெச்சிருந்தேன்!”

“இருபத்துமூணு! முந்நூறு!”

“சத்தியமா முந்நூறு பொய் சொல்லலை மாமா!”

“என்ன பொய்? பழைய வீடியோ கேம் மெஷின் ஒண்ணு வாங்கியிருக்கேன் மாப்பிள்ளை. இருபத்துமூணாவது குண்டுல பறக்கும் தட்டை அடிச்சா முந்நூறு பாயிண்ட். குண்டை எண்ணிட்டு இருந்ததுல நீங்க சொன்னது எதுவும் காதுல ஏறலை. என்ன விஷயம்?”

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஒண்ணுமில்ல மாமா, சட்டைக்கு என்ன கலர்னு...”

“கலரை அப்புறம் பார்க்கலாம்,” என்று குறுக்கே வந்தது மாமியாரின் குரல். “அவருக்கு ரெண்டு கையும் ஒழியலைன்னு ஸ்பீக்கரைப் போட்டு, போனை நான்தான் பிடிச்சிட்டு நிக்கிறேன். அட்டை எத்தனை இஞ்ச் மாப்பிள்ளை?”