கடிக்காத நாய்

“வாயைக் கட்டுனீங்கன்னா நாயைத் தூக்கிக்கினு போய்க்கினே இருப்பேன்.”

பார்த்திபன் இதைச் சொன்ன தினுசைப் பார்த்தால், மெர்சி ஏதோ அவர் வாயைக் கட்ட வந்தவள் போலிருந்தது.

கவரைப்பேட்டையில் ஹேமாவதி டாக்டர் நடத்தும் கால்நடை கிளினிக்கில் மெர்சி உதவியாளர். நாய் என்றால் முதலில் வாய்க்கட்டு, அப்புறம்தான் வைத்தியம். அது டாக்டர் போட்ட சட்டம். அன்றைக்கென்று டாக்டர் உள்ளே ஓர் ஆட்டுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்.

“காதுல சீழ் வெச்சிக்கீது சார். தொட்டா வலிக்கும். வலிச்சா எந்த நாயும் கடிக்கும்.”

“பிரவுனி கடிக்காதும்மா. கொழந்த மாதிரி. நான் சிப்காட்ல சேஃப்டி ஆபீசர். ரிஸ்க்னா இன்னான்னு எனக்கே பாடம் எடுக்கறியா?”

அவ்வளவு பெரிய மனுஷரிடம் மல்லுக்கு நிற்க மெர்சிக்கு வராது. வாய்க்கட்டை ஓரமாக வைத்துவிட்டுக் காதைத் தொட்டாள்.

குழந்தை அவள் மணிக்கட்டைக் கவ்விவிட்டது.

ரத்தத்தைப் பார்த்தும் பார்த்திபன் அலட்டிக்கொள்ளவில்லை. “பல்லு படல, நகம்தான். கீறல்னே வெச்சிக்கலாம்” என்றார்.

சத்தம் கேட்டு வந்த டாக்டர், மெர்சியின் கையைக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்தார்.

“நாய்க்கு வெறிநோய் தடுப்பூசி போட்டிருக்கீங்களா சார்?”

“எல்லாம் போட்டாச்சு டாக்டர்.”

“கார்டு?”

“வீட்ல இருக்கு.”

டாக்டர் மெர்சியிடம் திரும்பினார். “வேலைக்குச் சேர்ந்தப்பவே உனக்கு முன்கூட்டி ஊசி போட வெச்சிருக்கணும். அது என் தப்பு. இப்பவே கும்மிடிப்பூண்டி ஜி.எச்.சுக்குக் கெளம்பு.”

பார்த்திபனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“அப்போ என் நாய்க்கு வெறின்றீங்க. எங்க கம்பெனில விரல் கிழிஞ்சாக்கூட பிளாஸ்திரி ஒட்டி மெஷின்ல நிக்க வெச்சிடுவோம். அதனாலதான் கேட்ல ‘விபத்தில்லா நாட்கள்’ போர்டு நிக்காம ஓடிக்கினு இருக்குது. ஒரு நாள் லீவுக்கு இவ்ளோ டிராமாவா?”

காதுக்கு மருந்தை வாங்கிக்கொண்டு, வாட்ச்சைப் பார்த்தபடியே நாயோடு கிளம்பிவிட்டார்.

ஷேர் ஆட்டோவில் போகும்போதும் அந்த ‘டிராமா’ மெர்சியின் காதைவிட்டுப் போகவில்லை. அவமானமாக இருந்தது. பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் போன வருஷம் வெறிநாய் கடித்த ஒரு கன்றுக்குட்டி, வாயில் நுரை தள்ளிக் கதறிச் செத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். வந்துவிட்டால் அதற்கு மருந்தே கிடையாது. மானத்தைவிட பயம் பெரிதாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திபனின் வெள்ளைக் கார் நின்றிருந்தது. ஜன்னல் வழியே பிரவுனி தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

மெர்சிக்கு மனசு இளகிப்போயிற்று. பாவம், வாய் அப்படிப் பேசினாலும் மனசு கேட்காமல் நம்மைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார். அவர் ஏதாவது சொல்ல வந்தால், ‘பரவால்ல, உடு சார்’ என்று சொல்லிவிட வேண்டும்.

ஊசி போடும் அறையை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு முதுகைக் காட்டியபடி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் பார்த்திபன்.

“மூணாவது ஊசி. சொன்ன தேதிக்கு கரெக்டா வந்துடறீங்க சார்” என்றார் நர்ஸ். “எல்லாரும் இப்டி இருந்தா எங்களுக்குப் பேஜாரே இல்ல. உங்க ஊட்டு நாய்தான கடிச்சுது, அதுக்கா இவ்ளோ பயம்?”

“ஊசியே போடாத நாய் சிஸ்டர். இதுலல்லாம் ரிஸ்க் எடுக்க முடியுமா?”