நாக்குக்கு அடியில்

“நாக்கத் தூக்கு” என்றார் நர்ஸ் ஹேமலதா.

ஊசிப் போதையை விடுவதற்காகத் தினமும் சிகிச்சை மையத்துக்கு வந்து, அதற்கு மாற்றாகத் தரும் மாத்திரையை வாங்குபவன் காசி. அதை அங்கேயே நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். அவனோ பாதியைக் கன்னத்தில் ஒதுக்கியிருந்தான்.

“வெளிய கொண்டுபோயி விக்கிறியா? உனக்கு எச்.ஐ.வி. வேற. பொண்டாட்டிய நெனச்சாவது திருந்தக் கூடாதா?”

“அவள நெனச்சித்தான் சிஸ்டர்...”

“பேசாத. நாளையிலருந்து உனக்கு மாத்திரை கெடையாது.”

மறுவாரம் அவன் மனைவி நிஷா, ஆம்பூர் ஷூ கம்பெனி யூனிபார்மோடு வந்து நின்றாள். முழங்கை மடிப்பில் புதிதாக ஊசி குத்திய புண்கள்.

“அந்தப் பாதி எனக்குத்தான் சிஸ்டர். பொம்பள இங்க வந்தா தெருவே பேசும்னு வாயிலயே வெச்சிக் கொண்டாருவாரு. நீங்க நிறுத்துனதுலருந்து ரெண்டு பேரும் ஒரே ஊசியிலதான் போட்டுக்கறோம்.”