பருத்திக்கொட்டைப் பாட்டு

"மொக்கையன் துரும்பு கிள்ள மாட்டான், சீனி. எழுதி வச்சுக்க" என்றாள் பக்கத்து வீட்டு அன்னக்கொடி.

சீனியம்மாளுக்கும் அந்தப் பயம்தான். அவள் புருஷன் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரே மகளையும் கொட்டாம்பட்டியில் கட்டிக் கொடுத்தாயிற்று. அவர்கள் சனத்தில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது தப்பில்லை. ஆனால் செத்தவனின் அண்ணன் ஊர் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டு, 'எங்க வீட்டுக் கட்டு அத்துப்போச்சு' என்று சொல்ல வேண்டும்.

அந்த அண்ணன்தான் மொக்கையன். அவள் கட்டிக்கொள்ள நினைத்ததோ முத்திருளனை. மொக்கையன் முகம் கொடுத்துப் பேசாத ஒரே ஆள் அவன். இருவருக்கும் ஒரே கிணறு. முறை வைத்து இறைத்தார்கள். தண்ணீரில் வந்த பகை என்றது ஊர்.

"வேற ஆம்பளையே கிடைக்கலையா உனக்கு?" என்றாள் அன்னக்கொடி.

என்னத்தைச் சொல்வது? பெண்டாட்டி செத்த பிறகு முத்திருளன் ஒண்டியாக மாடு பூட்டிக் கமலை இறைத்தான். மாட்டை நிறுத்திவிட்டு மடை மாற்ற ஓடுவான். மாற்றிவிட்டு மாட்டுக்கு ஓடுவான். பக்கத்துப் புஞ்சையில் களை பறித்த சீனியம்மாள், ஒருநாள் பார்க்கப் பொறுக்காமல் மண்வெட்டியை எடுத்து மடையைத் திருப்பிவிட்டாள்.

"பாத்தி நெறஞ்சிருச்சா?" என்றான் அவன், அங்கிருந்தே.

"நெறஞ்சிருச்சு."

அம்புட்டுத்தான். வீட்டுக்கு வந்து தனியாகக் கஞ்சி குடிக்கும்போதுதான், ஒரு ஆள் கேட்டுத் தான் பதில் சொல்லி எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கு உறைத்தது.

மேலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த வருஷம் அது. இருவரும் கேட்டுக்கொண்டபடி கருப்பன் கோயில் முன்னால் ஊர் கூடியது. இளவட்டங்கள் ஒரு பக்கமாக நின்று கிசுகிசுத்தார்கள்.

"மாப்ள, இந்தச் சோடிக்கு ஒரு பாட்டுக் கட்டிருவமா?" என்றான் பால்பாண்டி.

அது சீனியம்மாள் காதில் விழுந்தது. அந்த ஊரில் கமலை இறைப்பவர்கள் பாடும் பாட்டில் ஏறிய பேர் இறங்காது.

இளவட்டங்களுக்குப் பின்னால் நின்ற மொக்கையன் முன்னால் வந்தார். வைக்கோல் ஒன்றை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். கிள்ளவில்லை.

"கிள்ளிப் போடப்பா. நேரமாகுது" என்றார் ஊர்ப் பெரியவர் முத்துக்கருப்பன்.

"இருங்க. அதுக்கு முன்னாடி அவனை ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க."

"என்ன பாட்டு?"

"எம் மேல அவன் கட்டின பாட்டு. அவனுக்குத் தெரியும்."

முத்திருளனின் முகம் செத்துப்போயிற்று. "அண்ணே, அது ஏதோ வெளையாட்டுக்கு..."

"பேசச் சொல்லலை. பாடச் சொல்லுங்க."

சீனியம்மாள் முன்னால் வந்துவிட்டாள். "மாமா, எனக்குக் கல்யாணமே வேணாம். அந்த மனுசனை விட்டுருங்க."

மொக்கையன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

முத்திருளன் அவளை ஒரு தரம் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாடினான்.

"பல்லுப்போன காளைக்குப் பருத்திக்கொட்டை கேக்குதாம்
கொட்டில் மாறிக் கட்டச் சொல்லிக் கொம்பை ஆட்டி நிக்குதாம்..."

பாடியவனுக்கே முன்பல் இரண்டு இல்லை. பால்பாண்டிதான் முதலில் சிரித்தான். பிறகு கூட்டமே சிரித்தது.

"கடைசியில நிக்கறவனுக்குக் கேக்கலை" என்றார் மொக்கையன். "இன்னொரு தரம்."

இரண்டாம் தரம் பாடும்போது குரல் உடைந்தது. மூன்றாம் தரத்தில் சிரிக்க ஆளில்லை. பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

மொக்கையன் துரும்பைக் கிள்ளிப் போட்டார். "எங்க வீட்டுக் கட்டு அத்துப்போச்சு. கூட்டிக்கிட்டுப் போகட்டும்." துண்டை உதறிக்கொண்டு நடந்துவிட்டார்.

சீனியம்மாளுக்கு ஆறவில்லை. பின்னாலேயே போய்க் கிணற்றடியில் அவரைப் பிடித்தாள்.

"ஊர் பாக்க அழ வச்சுட்டீங்களே மாமா. கிணத்துத் தண்ணிக்கா இம்புட்டு வன்மம்?"

"தண்ணிக்கு யாரு தாயி கோவிச்சா?" மொக்கையன் கமலைக் கல்லில் உட்கார்ந்தார். "எம் பொண்டாட்டி, உங்கக்கா, செத்த மறுவருஷம், நத்தத்துல ஒருத்தியைப் பார்த்து வச்சிருந்தேன். அவளுக்கும் புருஷன் இல்லை. நல்ல பொம்பளை. நான் சொன்னதுக்கெல்லாம் சிரிப்பா. ஒருநாள் இவன் கமலை வடத்துல உக்காந்து இந்தப் பாட்டை எடுத்து விட்டான். களையெடுத்தவளுக அம்புட்டுப் பேரும் சிரிச்சாளுக. அப்புறம் சின்னப் பயலுக பாடினானுக. நான் நத்தம் பக்கமே போகலை."

அவர் வீட்டு அடுப்பு புகைந்து சீனியம்மாள் பார்த்ததே இல்லை. எங்கே சாப்பிடுகிறார் என்று ஒருநாளும் கேட்டதுமில்லை.

"அதுக்குத்தான் இன்னைக்குப் பழி தீத்தீங்களா?" என்றாள், குரல் இறங்கி.

"தீரலை. சாகிற வரைக்கும் அவனோட பேச மாட்டேன்." எழுந்து மாட்டை அவிழ்த்தார். "ஆனா அந்தப் பால்பாண்டி பய உங்க மேல பாட்டுக் கட்ட வாயைத் தெறந்துட்டான். இன்னைக்குப் பல்லுப்போன காளை அவன்தான். தன்னைத் தானே ஊர் முன்னால பாடிக்கிட்டவன் மேல இனி எவன் பாட முடியும்? பாட்டுக்குப் பயந்து நான் நத்தத்துக்காரியை விட்ட மாதிரி, அவன் உன்னை விட்டுறக் கூடாதுல்ல."