ஆடிட்டுக்கு ஒரு மனுஷி

2025 செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் கதவுக்குக் கீல் செய்யும் ஒரு கம்பெனியில் அன்று ஏ.ஐ. அற ஆடிட்.

தீயணைப்பு வாளிகள் விடியும் முன்பே சிவப்புச் சாயம் பூசிக்கொண்டன. ஹெல்மெட்டுகள் பக்கத்துக் கம்பெனியில் இரவல். மேனேஜர் துளசிராமனுக்கு இன்னும் ஒரு மனுஷிதான் குறைவு.

கீல்களைச் சோதித்துவந்த நர்மதாவை, அந்த வேலைக்கு ஏ.ஐ. கேமரா வந்ததும் நிறுத்தியவர் அவர்தான். இயந்திரம் எடுக்கும் முடிவை மறுக்க ஒரு மனிதர் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் கிடையாது என்கிறார் வெளிநாட்டு வாடிக்கையாளர். அதனால் விடிந்ததும் மீஞ்சூருக்குப் போன் போட்டார்.

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும் வா நர்மதா. அப்டியே எழுந்து ஓடியா, ரயில உட்டுடாத."

ஓடிவந்தவள், வாசலில் நின்ற செக்யூரிட்டி பீட்டரைப் பார்த்து, "வணக்கம் ஆடிட்டர் சார்" என்று கும்பிட்டாள்.

"அது நம்ம பீட்டரும்மா! ஆடிட்டர் ஒரு லேடி. இன்னாத்துக்கு இப்டி பயந்துக்கினு இருக்க? மெஷின் ஓகேன்னா பச்சை பட்டன அமுக்கு. அவ்ளோதான் வேல" என்றார் துளசிராமன்.

ஆடிட்டர் பிரின்சி வந்து பின்னால் நின்றார். முதல் கீலுக்குக் கேமரா "ஓகே" என்று குரல் கொடுத்தது. நர்மதா கீலைக் கையில் எடுத்து, முகத்தருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிவப்பு பட்டனை அழுத்தினாள். அடுத்ததற்கும் சிவப்பு. அதற்கடுத்ததற்கும்.

துளசிராமன் அவள் காதருகே குனிந்தார். "நர்மதா, மெஷின் ஓகேன்னுதே..."

"அது சொல்லும் சார். நான் வேலைக்குச் சேந்தப்ப, சந்தேகம்னா சிவப்புன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

பிரின்சி நெகிழ்ந்துபோனார். "எத்தனையோ கம்பெனி பாத்துட்டேன் சார். எல்லா எடத்துலயும் மெஷினுக்குத் தலையாட்டத்தான் ஆள் வெச்சிருக்காங்க. எதிர்த்து நின்ன மொத ஆளு இவங்கதான்."

கீலை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அவர் பார்க்க வந்தது அறத்தை.

மாலையில் சான்றிதழ் கிடைத்தது. அந்த நாற்காலியில் நர்மதாவே நிரந்தரமாக உட்கார வேண்டும் என்பது நிபந்தனை. வேலை உத்தரவை அங்கேயே கொடுத்தார் துளசிராமன்.

ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கேமராவுக்கே தெரியல. அப்டி இன்னாம்மா பாத்த அந்தக் கீல்ல?"

"எங்க சார் பாத்தேன்? நீங்க பண்ண அவசரத்துல, கண்ணாடிய ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்."