நாலு 'போ'

"போ போ போ போ பொன்வண்டே" பாட்டை முதலில் பாடியது யாரென்று பழைய சாமான் கடையில் சண்டை.

"நான்தான்" என்றது பென் டிரைவ்.

"நீ என்கிட்ட காப்பி அடிச்சவன்டா" என்றது கேசட்.

இசைத்தட்டு கனைத்தது. "நான் பாடினப்போ உங்க ரெண்டு பேரோட அப்பன்கூடப் பொறக்கலை."

கேசட் குழைந்தது. "அண்ணே! அந்த நாலு 'போ'வுக்குத்தான் ஊரே ஆடுது. எப்படிண்ணே தோணுச்சு?"

இசைத்தட்டு நெளிந்தது. "பாட்டுல ஒரே 'போ'தான். எனக்குக் கீறல் விழுந்து, அந்த இடத்துல முள் மாட்டிக்கிச்சு. அதைக் கேட்டுத்தான் எல்லாரும் நாலு தடவை பாடுறாங்க."

அலமாரிக்கு அடியிலிருந்து எலி எட்டிப் பார்த்தது. "அந்தக் கீறல் நான் போட்டது."

கேசட் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. "வணக்கம்ண்ணே! இத்தனை நாளா உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."